ஈயம் பூசியவர் விட்டுப்போன கட்டி

எழுபதுகளின் தொடக்கம். தேவகோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். உலோகங்களின் அடர்த்தியைக் கண்டுபிடிக்கும் சோதனைக்காக, வீட்டிலிருந்து ஆளுக்கொரு உலோகத் துண்டு கொண்டுவரச் சொல்லியிருந்தார் அறிவியல் டீச்சர். எடையையும் கனஅளவையும் வைத்து அது என்ன உலோகம் என்று நாங்களே சொல்ல வேண்டும்.

தலைப்பிரசவத்துக்கு அக்கா வந்திருந்ததால், அம்மா பித்தளைப் பாத்திரங்களை எல்லாம் எடுத்துப்போட்டு முதல் நாள்தான் ஆள் வைத்து ஈயம் பூசியிருந்தார். பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறிவிடும் அல்லவா? பூசியவர் உலை போட்ட இடத்தில் உருகிச் சிந்தி உறைந்த ஒரு வெள்ளைக் கட்டி கிடந்தது. தேடி அலையாமல் அதையே எடுத்துப் போனேன். அது வெள்ளீயம் என்று எனக்குத்தான் முன்பே தெரியுமே! விடையைக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதப் போவதுபோல உள்ளுக்குள் ஒரே குஷி.

தராசில் எடை போட்டேன். அளவுசாடித் தண்ணீரில் கட்டியை இறக்கி, எவ்வளவு ஏறியது என்று குறித்தேன். வகுத்தால் கிட்டத்தட்ட ஒன்பது வந்தது. புத்தகத்து அட்டவணையில் வெள்ளீயத்துக்கு ஏழு சொச்சம்தான். ஒன்பதுக்குப் பக்கத்தில் இருந்தது செம்பு!

வெள்ளை வெளேரென்று செம்பா? பக்கத்துப் பெஞ்சுக்காரிகள் சிரித்தார்கள். "கணக்கைத் தப்பாப் போட்டிருப்ப, திரும்பப் போடு" என்றார் டீச்சர். போட்டேன், அதே விடை. ஒட்டியிருந்த கரியைச் சுரண்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். அப்போதும் ஒன்பதுதான். சிரிப்பெல்லாம் காதிலேயே விழவில்லை, இது என்னதான் என்று தெரிந்தாக வேண்டும் என ஒரு பிடிவாதம்.

அட்டவணையை மேலும் கீழும் பார்த்தேன். காரீயத்துக்குப் பதினொன்று சொச்சம். ஏழுக்கும் பதினொன்றுக்கும் நடுவில்தானே ஒன்பது? "டீச்சர், ரெண்டும் கலந்திருந்தா?" என்று கேட்டேன். அவர் கட்டியை வாங்கி வெள்ளைத் தாளில் தேய்த்தார். பென்சில் கோடுபோலக் கறுப்பாக விழுந்தது.

"வெள்ளீயம் மட்டும்னா இப்படிக் கோடு விழாது, காரீயம் கலந்திருக்கு. இது ஏது?" என்றார். சொன்னேன். அவர் பதறிவிட்டார். "காரீயம் விஷம்மா. புளி பட்டாக் கரைஞ்சு சாப்பாட்டுல இறங்கும். வயித்துப் பிள்ளைக்கு ரொம்பக் கெடுதல். ஓடு, போய்ச் சொல்லு" என்று அப்போதே அனுப்பிவிட்டார்.

பூசிய பாத்திரத்தில் அன்றுதான் முதல் சமையல். மூச்சு வாங்க வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அம்மா குழம்பை ஊற்றப் போனார். "ஊத்தாதீகம்மா!" என்று நான் கத்திய கத்தலில் கரண்டி அப்படியே நின்றது.

ஏழு, ஒன்பது, பதினொன்று என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பளபளன்னு கண்ணாடியாட்டம் இருக்கு. தண்ணியில போட்டுப் பாத்தா விஷம் இருக்குன்னு தெரியுமாக்கும்?" என்றார். அக்கா வேறு, "பசிக்குதுடி. இங்குட்டு வந்து உக்காரு, அப்புறம் பேசலாம்" என்றாள். என் பேச்சு எடுபடாது என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

அதைப் பார்த்த அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு பாத்திரத்தோடு கொல்லைக்குப் போய், அத்தனை குழம்பையும் குழியில் கொட்டிவிட்டு வந்தார். "நீ சொல்றது எனக்கு வெளங்கலடி. ஆனா இனிமே இதுல வச்சதை இவளுக்கு ஊத்த எனக்குக் கை வராது" என்று சொல்லி, மண்சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தார்.

மறுநாள் ஈயம் பூசியவரை வரவழைத்தோம். புதிதாக ஒரு கடையில் வாங்கிய ஈயமாம். கலப்படம் என்று அவருக்கே தெரியாது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, நல்ல ஈயமாகப் பூசிக் கொடுத்தார். அக்காவுக்குச் சுகமாகப் பெண் குழந்தை பிறந்தது.

பள்ளியில் எனக்குக் கைதட்டல் கிடைத்தது, சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் என் கணக்கில் ஒன்றுமே புரியாமல், என் சொல்லுக்காக ஒரு பாத்திரம் குழம்பைக் கொட்டிய அம்மாவை நினைத்தால்தான் இன்றும் நெஞ்சு நிறைகிறது. என் பிள்ளைகள் எனக்கு விளங்காத எதையாவது பதறிக்கொண்டு வந்து சொல்லும்போது, விளங்கும்வரை நான் காத்திருப்பதில்லை.