குளம்பில் இல்லாத இரும்பு

நான் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன். போன மாதம் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன்.

ஆரம்பாக்கத்தில் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விட்டுப் பிழைப்பவர் மஸ்தான். அவருடைய ஒரே குதிரை முன்னங்காலை நொண்டியது. தொழிற்பேட்டைச் சாலையில் நடக்கும் எது நொண்டினாலும் இரும்புத்துண்டு குத்தியிருக்கும் என்பது எங்கள் பக்கத்துத் தீர்ப்பு. நானும் யோசிக்காமல் குளம்பை இரண்டு முறை குடைந்தேன். எதுவும் இல்லை.

“இன்னா டாக்டரே, கிணறா வெட்டிக்கினுகீறீங்க?” என்றார் மஸ்தான்.

முதலில் செய்திருக்க வேண்டியதை அப்புறம்தான் செய்தேன். குளம்பு மரத்துப்போக ஊசி போட்டேன், நொண்டல் போகவில்லை. கணுவுக்கு மேலே போட்டேன். குதிரை நேராக நடந்தது! வலி கணுவில்தான்! எக்ஸ்ரேயில் எலும்பு முனைக்குள் கோலிக்குண்டு போல ஒரு வட்டப் பள்ளம். எலும்புக்குள் நீர்க்கட்டி! புத்தகத்தில் மட்டுமே பார்த்தது. “அபூர்வம்! அபூர்வம்!” என்று துள்ளினேன்.

மஸ்தான், குளம்பில் குடைந்த இடத்துக்கு நான் போட்ட துணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

“ஒங்களுக்கு சந்தோசம் டாக்டரே. அது நடக்குமா, மொதல்ல அத்த சொல்லுங்க.”

பள்ளத்துக்குள் மருந்து செலுத்தினோம். நேற்று போன் செய்து, கணு வலி போய்விட்டது என்றார். மறுபடி துள்ளத்தான் தோன்றியது. ஆனால் நான் குடைந்த குளம்பு வளர்ந்து மூடச் சில மாதங்கள் ஆகும். அதுவரை அவருக்கு ஊர்வலம் இல்லை. அந்த முகூர்த்தங்களைக் கெடுத்தது என் கத்தி.