வால்வுப் பெட்டியும் கருகல் வாசனையும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. முன்னே நடந்ததைப் பின்னே சொல்லிவிடுவேன், பாதி மறந்தும் போய்விட்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுபதுகளின் ஆரம்பம் அது. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரே வீட்டில் இரண்டு தறி, இரண்டு அடுப்பு. ஒன்று எங்களுடையது, மற்றது என் கொழுந்தனாருடையது. அவர் மனைவி, என் ஓரகத்தி, என்னைவிட நாலு வயது சின்னவள். ஓயாமல் பேசுவாள். நான் நாலு பேர் இருந்தால் உள்ளே போய்விடுகிற ஆள். ஆனால் வாய் பேசாவிட்டாலும் மனசு சும்மா இருக்காது. எதைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

என் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்த நேரம் போக, ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்தார். கல்யாண வீட்டில் டிரம் சத்தத்தில் தன் கிடார் கேட்கவில்லை என்று குறை. ஒரு நாள் மெட்ராஸ் போய், பஸ் கூரைமேல் போட்டு ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். ஊரைவிட்டுப் போகிற ஒரு ஆங்கிலோ இந்தியரிடம் வாங்கியதாம். மரப்பெட்டி, முன்பக்கம் துணி, மேலே தோல் கைப்பிடி. ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் அதற்குள்ளேயே. தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

சுவிட்சைப் போட்டார். சத்தமே இல்லை.

"ஏங்க, ஏமாந்துட்டு வந்துக்கிறீங்களா?" என்றேன்.

"சூடு ஏறணும்மா. உன் இட்லிப் பானை போட்டவொடனே வெந்துடுதா?"

பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக் குப்பி மாதிரி வால்வுகள், உள்ளே மினுக்மினுக்கென்று செம்பு நிறத்தில் நெருப்பு. கொஞ்ச நேரத்தில் பெட்டி ம்ம்ம் என்று முனக ஆரம்பித்தது. அவர் ஒரு தந்தியைத் தட்டினார். வீட்டுச் சுவரே தொண்டை திறந்த மாதிரி இருந்தது. வால்யூமைக் கூட்டினால் அந்த நாதம் கம்மிப்போகும், சளி பிடித்த குரல் மாதிரி. அவருக்கு அந்தக் கம்மல்தான் பிடிக்கும். சொன்னால் வெட்கம், எனக்கும் பிடித்திருந்தது. அவர் குளித்துவிட்டு வருவதற்குள் பெட்டியைப் போட்டு சூடேற்றி வைப்பது என் வேலையாகிவிட்டது. யாரும் இல்லாத நேரத்தில் ஒரே ஒரு தந்தியை நானும் தட்டிப் பார்த்திருக்கிறேன்.

அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்றைக்குத்தான் அவர் நாள் பூராவும் வாசிப்பார். அப்படி ஒரு அமாவாசையில் முடி கருகுகிற வாசனை வந்தது. நெசவு வீட்டில் வளர்ந்தவளுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பட்டு எரிந்தால் அந்த வாசனைதான். ஜரிகைக்குள் இருப்பது பட்டுநூல். ஜரிகையை எரித்தால் நூல் சாம்பலாகி வெள்ளி மட்டும் நிற்கும்.

என்னிடம் ஒரு பவுடர் டப்பா இருந்தது. எங்கள் தறியில் மீந்த ஜரிகைத் துணுக்குகளைச் சேர்த்துவைத்து, உருக்கி, என் பெண்ணுக்குக் கொலுசு செய்ய நினைத்திருந்தேன். திறந்து பார்த்தேன். நான் சுருட்டிவைத்த மாதிரி இல்லை. கொஞ்சம் குறைந்தும் இருந்தது.

வாசனை எந்தப் பக்கம்? ஓரகத்தி அடுப்புப் பக்கம்தான் என்று என் மூக்கு சொன்னது. அவளுக்கும் ஒரு பெண் குழந்தை இருந்தது.

கேட்கத் தைரியம் வரவில்லை. அவள் பார்க்கும்படி டப்பாவை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். அடுத்த அமாவாசையிலும் அதே வாசனை. டப்பா கிடைக்காததால் தறியிலிருந்தே எடுக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அன்று மட்டும் வாயைத் திறந்துவிட்டேன்.

"உன் அடுப்புல இன்னாமா கருகுது?"

"வெறும் பருப்புக்கா, வந்து மோந்து பாரு" என்று சிரித்தாள். பிறகு என் இடுப்புச் சாவியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "ஓ, அதுக்குத்தான் பூட்டிக்கினு திரியறியா?"

அதற்குப் பிறகு பேச்சில்லை. அந்த மாதமே செவிலிமேட்டில் வாடகை வீடு பார்த்துப் போய்விட்டார்கள். கேட்டவர்களிடம் தண்ணீர் வசதிக்காக என்று சொன்னாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அடுத்த அமாவாசை. அவள் அடுப்பு அணைந்து கிடக்கிறது. அதே வாசனை வந்தது.

வாசனையைப் பிடித்துக்கொண்டே போய், அவர் வாசித்துக்கொண்டிருந்த பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். பின்பக்கத்திலிருந்து நூல் மாதிரி புகை. முனகல் பெரிதாகி, அப்படியே அடங்கிவிட்டது.

ரேடியோ ரிப்பேர்காரர் வந்து பின்பக்கம் ஒரு மூடியைத் திருகி, விரல் அளவு கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்தார்.

"யாருப்பா இதுல கல்யாணப் புடவை நெய்ஞ்சது?"

அது ஃபியூஸ். அதைச் சுற்றி எங்கள் ஜரிகை, அங்கங்கே கருகிப்போய்.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கரண்ட் ஏறி ஏறி எறங்குது. இந்த ஃபியூஸ் இங்க கெடைக்கல. வெள்ளிதானே, ஓடும்னு சுத்தினேன். மொதல்ல டப்பாவுலேர்ந்து ஒரு இழை, அப்பறம் தறியிலேர்ந்து நாலு இழை."

"நல்லா ஓடுச்சு. டிரான்ஸ்பார்மர் வரைக்கும் ஓடிடுச்சு" என்றார் ரிப்பேர்காரர்.

"டப்பாவ தொட்டேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றேன்.

"கொலுசுக்குன்னு வச்சிருந்த. எப்டி சொல்றது?"

பெட்டி ரிப்பேராகி வந்தது. பழையபடி பாடியது. சுவிட்சைப் போட மட்டும் எனக்கு மனசு வரவில்லை.

பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு செவிலிமேட்டுக்கு நடந்தே போனேன். பஸ்ஸில் ஏறினால் பாதியில் இறங்கித் திரும்பிவிடுவேனோ என்று பயம். வழியெல்லாம் சேர்த்துவைத்த வார்த்தை அவளைப் பார்த்ததும் வரவில்லை. டப்பாவை நீட்டினேன். "உன் பொண்ணுக்கு" என்று மட்டும் சொன்னேன்.

அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். "இன்னாக்கா, எங்கிட்ட குடுக்கற? எரிச்சிடப் போறேன்" என்றாள். சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போனாள். அவள் சிரித்தாளா, முகத்தைத் திருப்பிக்கொண்டாளா என்பது எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. சிரித்தாள் என்று எழுதத்தான் ஆசை.

அவள் இப்போது இல்லை. அவள் பெண் செவிலிமேட்டில்தான் இருக்கிறாள். இதைப் படிக்கிற சொந்தக்காரர் யாராவது அவளிடம் போய், அம்மா அன்றைக்கு என்ன சொன்னாள், கொலுசு செய்தார்களா என்று கேட்டு, நான் எழுதியதில் தப்பு இருந்தால் திருத்த வேண்டும். நானே போய்க் கேட்கலாம். அந்த வீட்டு வாசலில் நிற்க எனக்கு இன்னும் தைரியம் இல்லை.