ஆடு தின்ற சார்வு

அரசாங்கத் தமிழில் ‘சார்வு’ என்றொரு சொல் உண்டு. உத்தரவை உரியவர் கையில் சேர்ப்பதற்கு அந்தப் பேர். ஆள் இல்லாவிட்டால் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு, சார்வு ஆகிவிட்டது என்று எழுதிக்கொள்ளலாம். இந்த விதியை எழுதிய புண்ணியவான் ஆட்டைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார்.

எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் கரிசல் இருந்தது. அதையும் கொஞ்சம் செம்மறிகளையும் விட்டால் வேறு சொத்தில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் பட்டாவைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது, எங்கள் நிலம் பக்கத்து நிலத்துக்காரர் பேரில் ஏறிவிட்டது. திருத்தச் சொல்லி அப்பா மனுக் கொடுத்தார். பல மாதம் ஊறப்போட்டுவிட்டுத் தள்ளுபடி செய்தார்கள். அந்த உத்தரவு சார்வான முப்பது நாளைக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தவறினால் நிலம் போனது போனதுதான்.

அந்தச் சமயம் அப்பாவும் அம்மாவும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கத்து வயல்களில் உரத்துக்குக் கிடை போடப் போயிருந்தார்கள். நான் கோவில்பட்டியில் தங்கி டைப்பிங் படித்துக்கொண்டிருந்தேன். தலையாரி எங்கள் பூட்டிய கதவில் மைதாப் பசையைத் தடவி உத்தரவை ஒட்டிவிட்டுப் போய்விட்டார். மைதாவில் ஒட்டிய காகிதத்தை வெள்ளாடு விட்டுவைக்குமா? நாங்கள் ஊர் திரும்பியபோது காய்ந்த பசையும் அரை முத்திரையும்தான் மிச்சம்.

"சினிமா நோட்டீசுன்னுல்லா நெனச்சோம். எங்க ஆடு தின்னுட்டு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

தலையாரியிடம் போய் விசாரித்த பிறகுதான் தள்ளுபடி என்றே தெரிந்தது. அதற்குள் கெடு முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது.

மேல்முறையீட்டை நான்தான் டைப் அடித்தேன். ஆர்.டி.ஓ. ஆபீசில் இருந்த கிளார்க் முதல் தடவை மூன்று நகல் இல்லை என்று திருப்பினார். இரண்டாம் தடவை ஸ்டாம்பு இல்லை என்றார். இரண்டையும் ஒரே நாளில் சொன்னால் அவருக்கு நாக்குத் தேய்ந்துவிடும் போல. மூன்றாம் தடவைதான் தேதியைப் பார்த்தார். தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியாக ஒரு மனு வேண்டுமாம். ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல வேண்டுமாம்.

"ஆடு தின்னுட்டுன்னு எழுதுலே. அதான நடந்துது" என்றார் அப்பா.

ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைக்கிற அண்ணாச்சி ஒருவரிடம் யோசனை கேட்டேன். சிரித்தார். "ஆட்டுக்கு என்ன தம்பி ஆதாரம் காட்டுவ? காமாலைன்னு போடு. இங்கன பிந்தி வார எல்லாருக்கும் காமாலைதான். சர்டிபிகேட்டுக்கு ஆள் இருக்கு."

அது எனக்குப் புத்திசாலித்தனமாகப் பட்டது. படித்தவன் அல்லவா! அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் காமாலை என்றே அடித்தேன். மகன் அடித்த மனு என்பதால் அவரும் என்ன ஏதென்று கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

விசாரணை நாளன்று அதிகாரி மனுவைப் புரட்டினார். அந்த ஆபீசிலேயே முதல் முறையாக மனுஷன் மாதிரி ஒரு கேள்வி வந்தது. "காமாலை இப்ப தேவலையா பெரியவரே?"

"எனக்கு ஏதுய்யா காமாலை? ஆடுல்லா தின்னுட்டு."

கிளார்க் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. அடுத்த வாரம் உத்தரவை வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். மனுதாரர் பொய்யான காரணம் காட்டியதால் தாமதத்தை மன்னிக்க இயலாது, ஆகவே மேல்முறையீடு ஏற்கப்படவில்லை என்று அதில் இருந்தது. நிலம் யாருடையது என்று ஒரு வரிகூட இல்லை. பழைய பத்திரத்தையும் தீர்வை ரசீதுகளையும் அப்பா மஞ்சள் பையில் போட்டு ஒவ்வொரு தடவையும் கொண்டுவந்தார். அதை வாங்கிப் பார்க்க ஒருத்தரும் கை நீட்டவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனுஷனைப் பொய்யன் என்று எழுதி, அதை அவர் கையிலேயே கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். இந்தச் சார்வில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் திட்டிக்கொண்டே வந்தேன். அதிகாரி, கிளார்க், தலையாரி என்று ஒருத்தரையும் விடவில்லை. அப்பா நின்று திரும்பிப் பார்த்தார்.

"அவியள ஏன்லே வையுத? அவிய காயிதத்தத்தான பாத்தாவ. காயிதத்துல பொய் எழுதுனது நீதான."