சார் பேரில் இருந்த கல்யாணப் படங்கள்

நெய்வேலி டவுன்ஷிப்பில் எனக்கு ஒரு போட்டோக் கடைதான் இருந்தது, குவார்ட்டர்ஸ் கிடையாது. நிலக்கரிக் கம்பெனியில் வேலை இல்லாதவர்களுக்கு அங்கே பாதிக் காரியம் பெர்மனன்ட் ஆள் ஒருவர் பேரில்தான் நடக்கும். என் கேஸ் இணைப்பும் ஸ்டூடியோ போனும் எதிர்த் தெருவில் குடியிருந்த ஒரு சார் பேரில் இருந்தன.

ஒரு மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் கம்ப்யூட்டர் கெட்டு, உள்ளே இருந்த படங்களெல்லாம் போயின. அந்த சார்தான் வழி சொன்னார்.

"இனிமே பெட்டிய நம்பாதப்பா. கிளவுட்ல போட்டுடு. கடையே இடிஞ்சாலும் படம் எங்கயோ பத்திரமா இருக்கும்."

அஞ்சாவதோடு நின்றவன் நான். இன்டர்நெட்டில் அந்தக் கணக்கைத் திறக்க ஆங்கிலத்தில் கேட்டதற்கெல்லாம் அவரே பதில் அடித்தார். அவர் இமெயில், அவர் போன் நம்பர். கேஸைப் போல இதுவும் அவர் பேரில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று முதல் கல்யாணப் படங்களை அங்கே ஏற்றிவிட்டு, மெமரி கார்டை அடுத்த முகூர்த்தத்துக்கு அழித்துவிடுவேன். கம்ப்யூட்டரில் எதையும் வைப்பதில்லை. அதுதான் ஒருமுறை ஏமாற்றியாயிற்றே.

சார் ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்குப் போனார். போவதற்கு முன்பே கேஸையும் போனையும் வேறு ஒருவர் பேருக்கு மாற்றிக்கொண்டோம். படங்களைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் படங்களைத் திறக்கப் பார்த்தேன். அப்படி ஒரு கணக்கே இல்லை என்று வந்தது. சாருக்குப் போன் போட்டேன்.

"அதுவா? மூடிட்டேனே. பேங்க், லைப்ரரி, சொசைட்டி, எல்லாத்துலயும் நோ டியூ வாங்கிட்டுத்தான கெளம்பினேன். என் பேர்ல அங்க எதுவும் பாக்கி நிக்கக் கூடாதுல்ல?"

"அதுல என் படம் இருந்துச்சிங்க சார்."

"உன்கிட்டதான் இன்னொரு காப்பி இருக்குமே?"

கார்டை அப்போதே அழித்துவிடுவேன் என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பாவம், இரண்டு வாரம் அவரும் கிளவுட்காரர்களுக்கு எழுதிப் பார்த்தார். மூடிய கணக்கில் இருந்தது அழிந்தது அழிந்ததுதான் என்று பதில் வந்ததாம்.

போனதில் ஒரு கல்யாணத்துக்கு இன்னும் ஆல்பமே போடவில்லை. குறிஞ்சிப்பாடிப் பெண். புருஷன் வீட்டிலிருந்து அவள் வந்து படங்களைப் பொறுக்கித் தர வேண்டும் என்று காத்திருந்தோம். அவளுடைய அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தே சில நாட்களைக் கடத்தினேன். அந்த அம்மாவே கடைக்கு வந்துவிட்டார்.

"படம் எங்க தம்பி இருக்குது? எங்கியோ வச்சிருக்கேன்னு சொல்லிகினு இருந்தியே."

"வெளியூர் கம்ப்யூட்டர்லக்கா. இப்ப அங்கயும் இல்ல."

"எந்த ஊர்ல?"

"தெரியலக்கா."

"ஊரு பேரு கூட தெரியாத எடத்துல எம் பொண்ணு கல்யாணத்த வச்சியா நீ?"

திட்டினாலாவது பரவாயில்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"சொந்தக்காரங்க செல்லுல பொண்ணும் மாப்பிள்ளையும் இருக்காங்க தம்பி. எம் புள்ளதான் ஒண்ணுத்துலயும் இல்ல."

அந்தப் பிள்ளையை எனக்கு ஞாபகம் இருந்தது. அப்பா இல்லாத வீட்டில் தங்கையைக் கரையேற்றிய அண்ணன். மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. முதல் நாள் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு முகூர்த்தத்துக்கு வருவதாக இருந்தான். காலையில் மாற்று ஆள் வரவில்லை. மாற்று ஆள் வராமல் மெஷினை விட்டு இறங்கக் கூடாது. அவன் மண்டபத்துக்கு வந்தபோது பந்தியே முடிந்திருந்தது. காக்கிச் சட்டையோடு, காதோரம் கரித்தூளோடு, மேடையில் தங்கைக்குப் பக்கத்தில் நின்றான். ஒரே ஒரு படம். அப்போது செல்போன் வைத்திருந்தவர்களெல்லாம் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்கக்கா, திரும்ப எடுத்துத் தரேன்" என்றேன்.

ஆடி மாதத்துக்குப் பெண் அம்மா வீட்டுக்கு வந்தபோது மூன்று பேரும் வந்தார்கள். அவள் கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். அண்ணன் தலைக்குக் குளித்து, வெள்ளைச் சட்டையில் இருந்தான்.

"அன்னிக்கே இப்படி வந்திருந்தா மாமியார் வூட்ல என்னைக் கேலி பண்ணிருக்க மாட்டாங்க" என்றாள் தங்கை.

"இந்த சட்டைக்கு என்னா, அன்னிக்கும் பீரோலதான் இருந்துச்சி" என்றான் அவன்.

"மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"அவருக்கு லீவு கெடைக்கலீங்க" என்றாள்.

ஸ்டூடியோ லைட்டைப் போட்டேன். இரண்டு பேரும் திரைக்கு முன்னால் போய் நின்றார்கள். மாப்பிள்ளை நிற்க வேண்டிய இடம் என்றோ என்னவோ, நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடத்தை விட்டு நின்றார்கள்.

"கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்றேன்.

அம்மா போய் அண்ணனின் கையைப் பிடித்துத் தங்கைப் பக்கம் இழுத்துவிட்டு, ஸ்டூலுக்குத் திரும்பி வந்தார். எடுத்தேன். அவர்கள் காத்திருக்கும்போதே பிரிண்ட் போட்டு, அம்மாவின் கையில் கொடுத்தேன்.