ஹாதியாவின் செவ்வாய்க்கிழமைகள்

கொச்சி மட்டாஞ்சேரியில் சுதீர் டாக்டரின் பல் கிளினிக்கில் அமுதவள்ளி பதினேழு வருடமாக உதவியாளர். வயது ஐம்பத்திரண்டு. கணவர் இறந்தபின் பக்கத்துச் சேர்லாயில் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். சில ஞாயிற்றுக்கிழமைகளில், காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது சாயங்காலம்தான் உறைக்கும்.

போன ஜூனில், மழை கொட்டிய ஒரு நாள், அன்ஸியா என்ற பெண் தன் எட்டு வயது மகள் ஹாதியாவை அழைத்து வந்தாள். ஹாதியாவுக்கு ஆட்டிசம். பேச்சு இல்லை. மூன்று நாளாகச் சாப்பிடாமல் வலது கன்னத்தில் தானே அறைந்துகொண்டிருந்தாள்.

"முன்னாடி ஒரு இடத்துல நாலு பேர் கையும் காலும் பிடிச்சு வாயைத் திறக்கப் பாத்தாங்க அக்கா. அதுக்கப்புறம் பிரஷ் கண்டாலே ஓடுறா."

விளக்கைப் போட்டதும் ஹாதியா அலறினாள். அந்த அலறலில்தான் டாக்டர் சொத்தைப் பல்லைப் பார்த்தார்.

"வேர் வரைக்கும் போகலை. மருந்து தரேன், வலி குறையும். ஒண்ணரை மாசத்துக்குள்ள அடைக்கணும். இல்லேன்னா மயக்கம் கொடுத்துதான் செய்யணும்."

அன்ஸியாவின் முகம் வெளுத்தது. அமுதவள்ளி குறுக்கிட்டாள். "செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு ஆள் இருக்காது டாக்டர். இவங்க வரட்டும். ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா உக்காந்துட்டுப் போகட்டும்."

முதல் செவ்வாய் ஹாதியா வாசலைத் தாண்டவில்லை. அடுத்த வாரம் உள்ளே வந்து எக்ஸ்ரே மூலையில் தரையில் உட்கார்ந்தாள். அமுதவள்ளியும் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் இருவரும் பேசவில்லை, பார்த்துக்கொள்ளவுமில்லை. தன் ஒற்றை அறையில் அமுதவள்ளி அனுபவிக்கும் மௌனம் போல் இது இல்லை. பக்கத்தில் ஒரு மூச்சு இருந்தது.

மூன்றாவது வாரம், எக்ஸ்ரே எடுக்கும்போது போர்த்தும் ஈய அங்கியை ஹாதியா இழுக்க, அது அவள்மேல் விழுந்தது. அன்ஸியா பதறி ஓடினாள். ஆனால் ஹாதியா அலறவில்லை. அந்தக் கனத்துக்கு அடியில் அசையாமல் படுத்திருந்தாள்.

"எடுத்துடட்டா அக்கா?"

"வேண்டாம். அவளுக்கு அது பிடிச்சிருக்கு."

அதன்பிறகு அங்கியோடுதான் நாற்காலி. விளக்கு கூசாமலிருக்கக் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. பல் குடையும் மெஷின் சத்தத்தை அமுதவள்ளி போனில் பதிந்து அனுப்பினாள். வீட்டில் தினமும் மெதுவாகப் போட்டுக் கேட்க வைத்தாள் அன்ஸியா. பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை முதலில் நகத்தில் தொட்டார்கள், பிறகு உதட்டில், பிறகு பல்லில். பத்து எண்ணியதும் கையை எடுத்துவிடுவாள் அமுதவள்ளி. ஒருமுறைகூடப் பதினொன்று சொன்னதில்லை.

ஆறாவது செவ்வாய் பல்லை அடைத்தார்கள். பதினேழு முறை பத்து எண்ண வேண்டியிருந்தது. முடிந்ததும் ஹாதியா அங்கியைத் தள்ளிவிட்டு யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தாள். அன்ஸியா அமுதவள்ளியின் கைகளைப் பிடித்து அழுதாள். "எங்க வீட்டாளுங்ககூட இவ பக்கத்துல வரமாட்டாங்க அக்கா." பிறகு மகளின் பின்னால் ஓடினாள்.

அடுத்த செவ்வாய் மூன்று மணிக்கு அமுதவள்ளி எக்ஸ்ரே மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சேச்சி, ஏதாவது தொலைஞ்சுதா?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்ல டாக்டர்," என்று எழுந்துகொண்டாள்.

ஜனவரியில் பரிசோதனைக்கு வந்தார்கள். ஹாதியா தானே நாற்காலியில் ஏறி, அங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாயைத் திறந்தாள். கைப்பிடியில் விரலால் பத்துவரை தட்டினாள். எண்ணுவதற்கு ஆள் தேவைப்படவில்லை. அமுதவள்ளி கதவோரம் நின்று பார்த்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

"வைட்டிலாவுக்கு வீடு மாறுறோம் அக்கா. இனி அங்கேயே ஒரு டாக்டர்கிட்ட காட்டணும்."

அமுதவள்ளி ஒரு தாளை எடுத்து, புது டாக்டர் படிக்கட்டும் என்று மலையாளத்தில் எழுதினாள். கையைப் பிடிக்கக் கூடாது. ஈய அங்கி போர்த்த வேண்டும். விளக்கு போடுமுன் கறுப்புக் கண்ணாடி. பத்துக்குமேல் எண்ணக் கூடாது. சுதீர் டாக்டர் இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தார்.

"டாட்டா சொல்லு மோளே," என்றாள் அன்ஸியா.

"விடு, அவளைத் தொந்தரவு பண்ணாதே," என்றாள் அமுதவள்ளி.

ஆட்டோ திரும்பி மறையும்வரை அமுதவள்ளி வாசலில் நின்றாள். பிறகு உள்ளே போய்க் கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.