கொஞ்சம் கம்மியான பஞ்சமம்

பிள்ளைகள் இருவரும் வெளியூர்க் கல்லூரிக்குப் போனபின், நாற்பத்தைந்து வயதில் பாட்டு வகுப்பில் சேர்ந்தேன். டீச்சர் என்னைவிடச் சின்னவள். முதல் மாதம் முழுக்க இரண்டே ஸ்வரங்கள்: கீழே ச, மேலே பஞ்சமம் என்கிற ப. செல்போனில் தம்புரா சுருதி ஓடவிட்டு, ச-வில் நின்று, நடுவில் எதையும் தொடாமல் ப-வுக்கு ஏறச் சொல்வாள். ஏறுவேன். இல்லை என்பாள்.

அந்தப் பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த கணவரின் தங்கை, குடும்பத்தோடு வேங்கிக்காலில் எங்கள் வீட்டில் தங்கினாள். சாப்பாடு முடிந்ததும் கணவர் சுருதியைப் போட்டார்.

"உங்க அண்ணி சங்கீதம் கத்துக்கிறா, கேளு."

தட்ட முடியாமல் பாடினேன்; எல்லோரும் சிரித்தார்கள். அவர் அதைப் பதிவு செய்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். நாத்தனார் அதையே என் நம்பருக்கு ரிங்டோனாக வைத்துக்கொண்டாள். நான் கூப்பிடும்போதெல்லாம் அவள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பதாக என்னிடமே சொன்னாள்.

பதிவை டீச்சரிடம் போட்டுக் காட்டினேன். அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டாள்.

"உங்க குரலும் சுருதியும் ஒண்ணோட ஒண்ணு இடிக்குது, கேக்குதாக்கா? ப-வுக்குக் கொஞ்சம் கம்மியா நிக்கிறீங்க."

கேட்டது. இரண்டுக்கும் நடுவே பழைய மின்விசிறிபோல ஓர் அதிர்வு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவளே பாடிக் காட்டினாள். என்னைப்போலவே தாழ்வாகத் தொடங்கி, குரலை மயிரிழை மயிரிழையாக ஏற்றினாள். அதிர்வு மெதுவாகி மெதுவாகி, நின்றது. ச-வும் ப-வும் வேறு வேறு உயரத்தில் இருந்தும் சண்டையில்லாமல் நின்றன. எனக்குக் கண் கலங்கியது.

அந்த இடத்துக்கு என் குரல் வந்துசேர மாதங்கள் ஆயின. தீபாவளிக்கு அதே கூட்டம் வந்தபோது, யாரும் கேட்காமல் நானே சுருதியைப் போட்டேன். ச-விலிருந்து ஏறி ப-வில் நின்றேன். துளி அதிர்வு இல்லை. மூச்சு தீரும்வரை பிடித்தேன்.

முன்பு சிரித்தது போலவே சிரித்தார்கள். நாத்தனார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கணவரிடம் கேட்டேன்: "வித்தியாசம் தெரியலையா?"

"என்ன வித்தியாசம்? அதே கத்தல்தானே," என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே கேட்கவில்லை. அங்கிருந்த யாருக்குமே கேட்கவில்லை. தப்பான ப-வுக்கு அவர்கள் ஒருநாளும் சிரித்திருக்கவில்லை. நான் வாயைத் திறந்ததற்குத்தான் சிரித்திருக்கிறார்கள்.

சுருதியை அணைத்துவிட்டு இலை போட எழுந்தேன். வகுப்புக்கு இன்னும் போகிறேன். வீட்டில் பாடுவதில்லை.