நடைபாதை தெரியாத ரிக்‌ஷாக்காரர்

சோலோ நகரில் தர்யோனோ மிதிக்காத தெரு இல்லை. வாலிபத்தில் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்தவர், சர்க்கரை நோய் இரண்டு கண்களையும் வாங்கிக்கொண்ட பிறகுதான் இறங்கினார். அதே நோயில் பாதங்களும் மரத்துப்போயின. மண்ணில் நிற்கிறாரா சிமெண்டில் நிற்கிறாரா என்று காலுக்குத் தெரியாது.

பார்வையற்றோர் மையத்திலிருந்து ஹார்யந்தி என்ற பயிற்சியாளர் வெள்ளைக் கோலோடு வந்தபோது தர்யோனோ சிரித்துவிட்டார்.

"எனக்கு ஊரைக் காட்ட வந்தியாம்மா? சந்தைக்குப் போகணுமா, அரண்மனைக்குப் போகணுமா, சொல்லு. நான் கூட்டிட்டுப் போறேன்."

"சரி பாக், நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்றார் ஹார்யந்தி. அந்த ஊரில் மூத்த ஆணை 'பாக்' என்றும் பெண்ணை 'பு' என்றும் அழைப்பது மரியாதை.

கோலை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். சந்து திரும்பியதும் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. ஒரு மோட்டார் சைக்கிள்காரன் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனான். ஹார்யந்தி அவர் சட்டையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தார்.

"ரோட்டு நடுவுல போறீங்க, பாக்."

"எப்பவும் அங்கதானே போவேன்?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஊர் அவருக்கு வண்டி உயரத்தில்தான் தெரியும். நடைபாதையில் எங்கே சோற்றுக்கடை, எங்கே மரத்தின் வேர், எங்கே சாக்கடை மூடி உடைந்திருக்கிறது என்பதெல்லாம் தெரியாது. நடக்கும்போது திருப்பங்களில்கூட மூன்று சக்கரத்துக்கு இடம் விட்டு அகலமாகத்தான் வளைந்தார்.

கோலின் நுனியில் ஹார்யந்தி ஓர் உருளையைப் பொருத்திக் கொடுத்தார். கால் சொல்லாததைக் கை சொல்ல வேண்டும். சொரசொரப்பு, பள்ளம், படி எல்லாம் மெல்ல மெல்ல உள்ளங்கைக்கு வந்தன.

ஒருநாள் மதியம் தனியாகப் போனவர், இடது காலில் செருப்பில்லாமல் திரும்பி வந்தார். அது எங்கோ சாக்கடைக் கம்பியில் சிக்கிக் கழன்றிருக்கிறது. கொதிக்கிற தார் ரோட்டில் அத்தனை தூரம் நடந்து உள்ளங்கால் முழுக்கக் கொப்பளம். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவர் மனைவி துகினெம் பார்த்துவிட்டு அலறினார். அன்றே கோலைப் பிடுங்கி அலமாரிக்கு மேலே போட்டுவிட்டார்.

புண் ஆறிய பிறகு ஹார்யந்தி மறுபடி வந்தபோது துகினெம் வாசலிலேயே மறித்தார்.

"காலை வெட்டணும்னு டாக்டர் சொன்னா நீ வருவியா? விழுந்தா நீயா தூக்குவ?"

"இல்ல, பு. நீங்கதான் தூக்கணும். அதான் உங்க கிட்ட கேக்காம இனிமே ஆரம்பிக்க மாட்டேன்."

துகினெம் உள்ளே போய்த் தேநீர் வைத்தார். குடித்து முடித்ததும் தன் கட்டளையைச் சொன்னார்: கயிறு கட்டிய மூடின ஷூ, வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் தன்னிடம் காட்டியாக வேண்டும்.

"ஷூவா? கல்யாணத்துக்கே நான் போட்டதில்லை" என்றார் தர்யோனோ.

"இப்பப் போடு."

ஷூவும் கோலுமாக அவர் தன் பழைய ரிக்‌ஷா ஸ்டாண்டுக்கு முதன்முறையாகத் தனியாகப் போனபோது, சகாக்கள் கிண்டல் செய்யாமல் விடவில்லை.

"யாருடா அது, பாங்க் மேனேஜரா?" என்றார் கிரோ. "வாங்க சார், ஏறுங்க. எங்க போகணும்?"

தர்யோனோ, ஓட்டுபவருக்கு முன்னால் இருக்கும் பயணி இருக்கையில் உட்கார்ந்தார். அங்கே அவர் உட்கார்ந்து போனதே இல்லை. தெரு முனை வருவதற்குள், "ஏண்டா, பள்ளத்தைப் பார்த்து ஓட்ட மாட்டியா? கண்ணு என்ன எனக்கா இல்ல, உனக்கா?" என்று கத்தத் தொடங்கிவிட்டார். கிரோ சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது.

இப்போது காலையில் ஸ்டாண்டுக்கும், மாலையில் தொழுகைக்கும் தனியாகப் போய்வருகிறார். சந்தைக்கு எதிரே உள்ள பெரிய சாலை மட்டும் வசப்படவில்லை. தனியாகக் கடக்க வேண்டாம் என்று ஹார்யந்தியும் சொல்லிவிட்டார். ஓரத்தில் நின்று கோலைத் தூக்கிப் பிடிப்பார். யாராவது வந்தால் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கடப்பார். ஒருவரும் வராவிட்டால் சற்று நேரம் வண்டிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வீடு திரும்பிவிடுவார்.